ஏழு வருடமா, எட்டு வருடமா, உறுதியே இல்லாத நான்கு வருடமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கல்லூரி அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகள் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். பள்ளி முடிக்கும்போதே இளங்கலைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் சேர்த்து இடம் தரும் பி.எஸ்./எம்.டி. திட்டங்கள் (அமெரிக்காவில் எம்.டி. என்பதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) பலவற்றுக்கு விண்ணப்பித்து, இரண்டில் கிடைத்திருக்கிறது. ஒன்று, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மாநிலக் கல்லூரியும் ஒரு மாநில மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் ஏழு வருடத் திட்டம். இளங்கலை மூன்று வருடம், மருத்துவம் நான்கு வருடம். உதவித்தொகை போக இளங்கலைக்கு வருடம் 22,000 டாலர். ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.5-க்குக் கீழே போகக் கூடாது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் கேட்கவில்லை. இன்னொன்று, பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தின் எட்டு வருடத் திட்டம். வருடம் 88,000 டாலர். எம்கேட்டில் 511 எடுத்தாக வேண்டும். இவை தவிர, வேறொரு நல்ல பல்கலைக்கழகத்தில் சாதாரண இளங்கலைக்கும் இடம் வந்திருக்கிறது. நிதியுதவி போக வருடம் 45,000 டாலர். அங்கே மருத்துவப் படிப்புக்கு எந்த வாக்குறுதியும் கிடையாது.

“வீட்டில் நான்கு பேர், நான்கு திசை மேடம்” என்கிறார். கணவருக்கு எட்டு வருடத் திட்டம்தான் வேண்டும்: “பேரும் இருக்கு, சீட்டும் இருக்கு. வீட்டு மேல லோன் போட்டாவது கட்டிடலாம்.” இவருக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது. மகள், “டாக்டராத்தான் ஆகப்போறேன், ஆனா காலேஜை மூணே வருஷத்துல முடிச்சிட்டு ஓட மாட்டேன்” என்று மூன்றாவது பக்கம் சாய்கிறாள். புள்ளியியலும் பொதுச் சுகாதாரமும் படிக்க ஆசை. திருச்சியிலிருக்கும் மாமனார் தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, “இங்க அனுப்பும்மா, என்.ஆர்.ஐ. கோட்டாவுல அஞ்சரை வருஷத்துல எம்.பி.பி.எஸ். முடிச்சிடலாம்” என்கிறார். 529 எனும் கல்விச் சேமிப்புக் கணக்கில் இருப்பது 1.40 லட்சம் டாலர். அடுத்து எட்டாம் வகுப்பில் ஒரு மகன். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு ஆறுதல். உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் மூன்றுமே நல்ல இடங்கள். இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவள் வாழ்க்கை கெட்டுப்போகாது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யார் பிள்ளைக்கு எந்த ‘ப்ரோக்ராம்’ கிடைத்தது என்று விசாரிக்கும் கூட்டத்திலிருந்து இரண்டு வாரம் தள்ளி இருங்கள். பி.எஸ்./எம்.டி.க்கென்றே நடக்கும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தால் அவற்றையும் ம்யூட் செய்துவிடுங்கள். அங்கே வருவதில் பாதி போன வருடத்துத் தகவல், மீதி பதற்றம்.

மாமனார் சொல்லும் வழி

இதை முதலில் பேசி முடித்துவிடலாம். பெரியவர் பேத்தி பக்கத்தில் இருக்கட்டும் என்ற பிரியத்தில் சொல்கிறார். ஆனால் இந்தியாவில் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டு இடமானாலும் நீட் எழுதாமல் கிடைக்காது. தேர்வு மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. அதற்கான பதிவு வெகுமுன்பே முடிந்துவிடும். ஆக, இந்த ஆண்டுக்கு அந்தப் பேச்சே இல்லை. பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும் என்ற தகுதி விதி வேறு இருக்கிறது. அமெரிக்க ஹைஸ்கூலில் ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்) உயிரியல் எடுத்துவிட்டு இயற்பியலை ஒரே வருடத்தோடு விட்ட பிள்ளைகள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் உள்ளூர்ப் பிள்ளை மாதிரி எந்த இடத்துக்கும் போட்டியிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 மார்ச் 4 அன்று வந்த அறிவிக்கை ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களை என்.ஆர்.ஐ. இடங்களோடு நிறுத்திவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மகளின் அட்டை எந்த வருடத்தது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், படித்துவிட்டு அவள் எங்கே வேலை பார்ப்பாள் என்பது. எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்கா திரும்பினால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான சான்றிதழ் வாங்கி, ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’சில் போட்டியிட வேண்டும். இங்கே எம்.டி. முடிக்கும் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இடம் பெறுகிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத்தான் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கிடைக்கும் மருத்துவப் பயிற்சிக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே நாளில் அங்கே பார்க்கும் நோயாளிகளை இங்கே ஒரு வாரத்திலும் பார்க்க முடியாது. அவள் அங்கேயே வாழப்போகிறாள் என்றால் நானே போகச் சொல்வேன். கையில் இங்கத்திய இடம் இருக்கும்போது சுற்றுவழி எதற்கு? மாமனாரிடம், “இந்த வருஷம் நீட் பதிவு முடிஞ்சிடுச்சு மாமா” என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதான், மனமும் நோகாது.

‘உறுதி’யின் நிபந்தனைகள்

இனி மகளுக்கு வந்திருக்கும் இரண்டு பி.எஸ்./எம்.டி. அனுமதிக் கடிதங்களுக்கு வருவோம். “இரண்டு இடத்திலும் டாக்டர் சீட் உறுதிதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உறுதி நிபந்தனைகளோடு வருவது. ஜி.பி.ஏ., சில திட்டங்களில் எம்கேட், அறிவியல் பாடம் எதிலும் சி-க்குக் கீழே வரக் கூடாது என்பது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது என்பது, இப்படி ஒரு பட்டியல் எல்லாக் கடிதங்களிலும் இருக்கும். சாட்ஜிபிடி வைத்து எழுதிய ஒரு லேப் ரிப்போர்ட் கல்வி நேர்மை விசாரணைக்குப் போனால், ஜி.பி.ஏ. 3.9 இருந்தாலும் இடம் ஆட்டம் காணும். இதை மகளிடம் தயங்காமல் சொல்லிவையுங்கள்.

3.5 என்பது பள்ளியில் எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பெண்ணுக்குச் சுலபமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் 15 கிரெடிட். பொது வேதியியலில் பி, கால்குலஸில் பி, இன்னொன்றில் பி பிளஸ் என்று வந்து 3.2 ஆகிவிட்டால், வருட முடிவில் 3.5-ஐத் தொட அடுத்த செமஸ்டரில் 3.8 எடுத்தாக வேண்டும். நான்கு வருடப் படிப்பில் இந்தச் சறுக்கலைச் சரிசெய்ய நேரம் இருக்கும். மூன்று வருடத் திட்டத்தில் மருத்துவக் கல்லூரி பார்க்கப்போவது ஐந்து, ஆறு செமஸ்டர்தான். அதனால் மூன்று வருடத் திட்டத்தின் 3.5-உம் நான்கு வருடத் திட்டத்தின் 3.5-உம் ஒன்றல்ல.

இப்போது அந்த 511. உங்கள் கணவர் கவனிக்காமல் விட்டது இதைத்தான். எம்கேட் 472-இலிருந்து 528 வரை மதிப்பெண் தரும் ஏழரை மணி நேரத் தேர்வு. அதில் 511-ஐத் தொடுபவர்கள் எழுதுவோரில் சுமார் ஐந்தில் ஒருவர். எந்த வாக்குறுதியும் இல்லாமல் பொது வரிசையில் நின்று எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரியும் 511-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆக, எட்டு வருடத் திட்டம் உங்கள் மகளிடம் கேட்பது, வெளியே வரிசையில் நிற்கும் பிள்ளை எடுக்கும் அதே மதிப்பெண்ணை. அதை எடுத்தால் ஒரு கல்லூரி நிச்சயம் என்பது லாபம், மறுக்கவில்லை. பொது வரிசையில் ஆண்டுக்கு 52,000 பேர் போல விண்ணப்பித்து 23,000 பேர் போலத்தான் சேர்கிறார்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காதவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். ஆனாலும் எம்கேட் பயம் போய்விடும் என்று நினைத்து இதற்குப் பணம் கட்டினால், அந்தப் பயம் போகாது. எம்கேட் இல்லாமலே முடிக்கக்கூடிய திட்டங்கள் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. அப்படித்தான். உங்கள் ஏழு வருடத் திட்டமும் அந்த வகைதான்.

‘பேர்’ பற்றியும் ஒரு வார்த்தை. இளங்கலை எங்கே படித்தாள் என்பது ரெசிடென்சி தேர்வில் ஏறக்குறைய எடுபடவே படாது. அங்கே பார்ப்பது மருத்துவக் கல்லூரியில் எப்படிச் செய்தாள், மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2-இல் மதிப்பெண் என்ன, வார்டுகளில் அவளோடு வேலை பார்த்த மருத்துவர்கள் என்ன எழுதிக்கொடுத்தார்கள், என்ன ஆராய்ச்சி செய்தாள் என்பவற்றை. 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1-க்கு மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். அதனால் மருத்துவக் கல்லூரியின் பெயருக்கு முன்பைவிடக் கொஞ்சம் எடை கூடியிருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், மாநில மருத்துவக் கல்லூரிகளிலிருந்து எல்லாச் சிறப்புப் பிரிவுகளுக்கும் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பணம்: வீட்டின் மேல் கடன் வேண்டாம்

உங்கள் கணவருக்காக இந்தப் பகுதியைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

எட்டு வருடத் திட்டத்தில் இளங்கலைக்கு மட்டும் நான்கு வருடத்தில் 3.52 லட்சம் டாலர். 529-இல் இருப்பதைத் துடைத்துப் போட்டாலும் 2.12 லட்சம் பாக்கி. மகள் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 27,000. பெற்றோர் வாங்கும் பேரன்ட் ப்ளஸ் கடனுக்கு 2025-இல் வந்த சட்டம் வரம்பு போட்டுவிட்டது: 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000. இவை எல்லாம் போக 1.20 லட்சம் டாலர் நிற்கிறது. இன்னும் மருத்துவக் கல்லூரியே தொடங்கவில்லை.

அதே சட்டம் மருத்துவ மாணவர்களையும் தொட்டிருக்கிறது. இதுவரை கிராட் ப்ளஸ் என்ற கடன், கல்லூரி சொல்லும் முழுச் செலவையும் ஈடுகட்டியது. “எவ்வளவு ஆனாலும் லோன் கிடைக்கும், டாக்டரானதும் கட்டிடலாம்” என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தது அந்த நாளைய கதை. 2026 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு மத்தியக் கடன் வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். தனியார் மருத்துவக் கல்லூரியில் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடம் 95,000 என்று வைத்துக்கொண்டால் நான்கு வருடத்துக்கு 3.80 லட்சம். மேலே நிற்கும் 1.80 லட்சத்துக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். அவர்கள் பெற்றோரைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பத்து வருடம் பொதுச் சேவை மருத்துவமனையில் வேலை பார்த்தால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் மத்திய அரசின் திட்டம் தனியார் வங்கிக் கடனுக்குப் பொருந்தாது.

இதற்கு எதிரே ஏழு வருடத் திட்டத்தை வையுங்கள். இளங்கலை மூன்று வருடம், 66,000. 529-இல் 74,000 மிஞ்சும். அதை மருத்துவக் கல்லூரிக்கும் செலவழிக்கலாம், வரிச் சிக்கல் இல்லை. மாநிலக் கல்லூரியில் மருத்துவத்துக்கு எல்லாம் சேர்த்து வருடம் 70,000 என்றால் 2.80 லட்சம். மிஞ்சியதைக் கழித்தால் 2.06 லட்சம், ஏறக்குறைய மத்தியக் கடன் வரம்புக்குள் அடங்குகிறது. இளங்கலைக்கு அவள் கடனே வாங்க வேண்டியதில்லை. தம்பிக்கும் வீட்டில் ஏதாவது மிஞ்சும்.

மூன்றாவது இடம் நடுவில் நிற்கிறது: இளங்கலைக்கு 1.80 லட்சம், சேமிப்பு போக 40,000 துண்டு விழும். அதைச் சமாளிக்கலாம். மருத்துவக் கல்லூரி எதுவாக அமையும் என்று இப்போது தெரியாததால் பிற்பாதிக் கணக்கைப் போட முடியாது.

ஆகவே எட்டு வருடத் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய கணவர், எட்டாம் வகுப்பில் இன்னொரு பிள்ளை, வீட்டின் மேல் கடன்: இதை வாங்கிக்கொண்டு 511 எடுக்க உட்காரும் பெண்ணின் தோளில் என்ன பாரம் இருக்கும் என்று யோசியுங்கள்.

இதைப் படிக்கும் ஹெச்-4 விசா (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்குமான விசா) குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. மேலே சொன்ன மத்தியக் கடன்கள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். பல பி.எஸ்./எம்.டி. திட்டங்களும், குறிப்பாக மாநிலக் கல்லூரிகள், அதையே தகுதியாக வைத்திருக்கின்றன. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. பிள்ளைக்கு 21 ஆனால் ஹெச்-4-உம் போய்விடும். விண்ணப்பக் கட்டுரை எழுதும் முன் இந்தத் தகுதியைப் பாருங்கள்.

மூன்று வருடம் என்பதில் அவள் பயப்படுவது

மீதி இரண்டு: ஏழு வருடத் திட்டம், வாக்குறுதி இல்லாத நான்கு வருடம். நீங்கள் முதலாவதைச் சொல்கிறீர்கள், மகள் இரண்டாவதை. இருவரும் நினைப்பதில் ஒவ்வொன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு: “ஒரு வருடம் மிச்சம்” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் மிச்சம் அதைவிட அதிகமாகவே இருக்கலாம். இன்று பொது வரிசையில் மருத்துவக் கல்லூரியில் நுழைகிறவர்களின் சராசரி வயது 24. பாதிக்கு மேல் இளங்கலைக்குப் பிறகு ஒரு வருடமாவது ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் மிச்சமாகும் அந்த வருடங்கள் சும்மா வருவதில்லை. மூன்று வருடத் திட்டத்தில் கோடை விடுமுறைகள் இயற்பியலுக்கும் ஆர்கானிக் வேதியியலுக்கும் போய்விடும். ஒரு செமஸ்டர் வெளிநாடு போவது, புள்ளியியலை இரண்டாவது மேஜராக (முக்கியப் பாடமாக) எடுப்பது, இவற்றுக்கெல்லாம் இடம் இருக்காது. அவள் “ஓட மாட்டேன்” என்று சொல்வது சோம்பலில் இல்லை.

அவளுக்கு: மூன்றாவது இடத்தில் போனால் எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்று நினைக்கிறாள். திறந்திருக்கும்தான், ஆனால் எல்லாக் கதவின் முன்னாலும் வரிசை நிற்கும். பெரிய பல்கலைக்கழகங்களில் முதல் வருட வேதியியல் வகுப்பில் உட்காரும் ப்ரீமெட் (மருத்துவத்தைக் குறிவைத்துப் படிக்கும்) கூட்டத்தில் கணிசமானவர்கள் இரண்டாம் வருடத்துக்குள் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் திரும்பல் பலருக்கு நல்லதாகவே முடிகிறது, ஆனால் அது நடக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பதினேழு வயதில் ‘உறுதி’யை விட்டால் பிறகு கிடைக்கவே கிடைக்காது என்பதும் சரியல்ல. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே மருத்துவ இடத்தை உறுதிசெய்யும் முன்னுறுதித் திட்டங்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியின் ஃப்ளெக்ஸ்மெட், எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கக்கூடிய ஒன்று, எம்கேட் கேட்பதில்லை. போட்டி கடுமைதான். ஆனால் அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, இரண்டு வருடக் கல்லூரி அனுபவம் கையில் இருக்கும்.

நீங்கள் தாண்டிப்போன வரி

மகள் சனிக்கிழமைகளில் மருத்துவமனையில் வாலண்டியர் வேலைக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் ஆனவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டுவந்து காரில் ஏற்றிவிடுவது. ஒருநாள் வீட்டுக்கு வந்து, “அங்க நர்ஸ்தாம்மா எல்லாம் செய்யறாங்க, டாக்டர் ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போயிடறார். எனக்கு நர்ஸ் வேலைதான் பிடிக்குமோன்னு தோணுது” என்றாளாம். “விளையாட்டுக்குச் சொன்னாள்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. வார்டில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை இவ்வளவு சரியாகக் கவனித்த பதினேழு வயதுப் பெண் நல்ல மருத்துவராகவும் வரலாம், நல்ல நர்ஸ் பிராக்டிஷனராகவும் வரலாம். இளங்கலைக்குப் பிறகு இரண்டே கால் வருடத்தில் முடியும் பி.ஏ. (ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்) எனப்படும் மருத்துவ உதவியாளர் படிப்பும் இங்கே மதிப்பான தொழில்தான். அவள் டாக்டராக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி இன்னும் முழுசாக முடிவாகவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அவள் இதுவரை கூட இருந்து பார்த்த ஒரே மருத்துவர் உங்கள் அண்ணன், இதய நிபுணர். அது போதாது.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இணைப்புப் படிப்பில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் மதிப்பெண் குறைவது இல்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு பிள்ளைக்கு இது வேண்டாம் என்று தோன்றும். ஆனால் எத்தனை பேர் ஏங்கும் இடம், அப்பா அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள் என்ற தயக்கத்தில் வாயைத் திறக்காது. சாதாரணக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை மேஜரை மாற்ற ஒரு படிவம் போதும். வெளியேறினால் பணம் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக அப்படி அபராதம் எதுவும் இல்லை. மருத்துவ இடம் போகும், இளங்கலைப் பட்டம் அவளுடையது. உதவித்தொகை மட்டும் இந்தத் திட்டத்தோடு பிணைந்ததா, கல்லூரி தனியாகத் தந்ததா என்று பாருங்கள். அதனால்தான் ஏழு வருடத் திட்டத்தின் இளங்கலைக் கல்லூரியைத் தனியாக நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன். மருத்துவமே இல்லை என்றாலும் அங்கே புள்ளியியல், பொதுச் சுகாதாரம், நர்சிங் படிக்க அவள் சந்தோஷமாகப் போவாளா?

மே 1-க்குள் கேட்க வேண்டியவை

ஏழு வருடத் திட்டத்தின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். பதில் எழுத்தில் வேண்டும். போனில் சொன்னதை யாரும் பிறகு ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

இளங்கலையை நான்கு வருடமாக நீட்டிக்கொண்டால் மருத்துவ இடம் காத்திருக்குமா? சில திட்டங்கள் அனுமதிக்கின்றன, சில முடியவே முடியாது என்கின்றன. எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது.

3.5 எப்போது அளக்கப்படுகிறது? ஒவ்வொரு செமஸ்டருமா, வருடக் கடைசியிலா? அறிவியல் பாடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டா? ஒருமுறை தவறினால் சரிசெய்ய ஒரு செமஸ்டர் தருவார்களா?

ஏ.பி. கிரெடிட்டை வைத்து அறிவியல் பாடங்களைத் தாண்ட முடியுமா, திரும்பப் படிக்க வேண்டுமா? மூன்று வருடத்தின் நெருக்கடி பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வேறு மருத்துவக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடுமா? இரண்டு கல்லூரிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிந்தால், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் என்ன ஆவார்கள்? பெயர் பெற்ற திட்டங்களே ஆள் எடுப்பதை நிறுத்தியிருக்கின்றன, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஹெச்.பி.எம்.இ. திட்டம் அப்படி நின்றுபோனதுதான்.

இவை அலுவலகத்துக்கு. இன்னொரு விசாரணை, அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு மாணவியிடம். கல்லூரியே தொடர்பு கொடுக்கும். உன்னோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள், போனவர்கள் ஏன் போனார்கள், போன கோடையில் என்ன செய்தாய்? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதில் எந்த இணையதளத்திலும் இருக்காது. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவள் மட்டும் பேசட்டும்.

நான்கு வருடமாக நீட்டிக்கலாம் என்று பதில் வந்தால் நான் ஏழு வருடத் திட்டத்துக்குத்தான் கைதூக்குவேன். அவளுடைய ஆட்சேபம் அதோடு தீர்கிறது, நாலாவது வருடத்துக்கு இன்னொரு 22,000 ஆனாலும் கணக்கு உதைக்காது; உதவித்தொகை அந்த வருடத்துக்கும் தொடருமா என்று மட்டும் சேர்த்துக் கேளுங்கள். முடியாது என்று வந்து, அந்த மாணவியிடம் பேசியபிறகும் அவள் மூன்றாவது இடத்தையே கேட்டால், விட்டுக்கொடுங்கள். சேமிப்புக்குள் ஏறக்குறைய அடங்கும் கல்லூரி, நல்ல படிப்பு, இரண்டாம் வருடத்தில் முன்னுறுதித் திட்டங்களுக்கு இன்னொரு வாய்ப்பு. மருத்துவப் படிப்பு வேண்டுமென்றால் அவள் அங்கிருந்தும் போய்ச் சேருவாள்.

இரண்டு இடத்தில் டெபாசிட் கட்டிவைத்துக்கொண்டு ஜூன் வரை யோசிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்லூரிகளுக்குத் தெரியவந்தால் இரண்டு இடமும் போகக்கூடும். மின்னஞ்சலை மகளே, தன் பெயரில், இந்த வாரமே அனுப்பட்டும். நான்கு வேலை நாளில் பதில் வரவில்லை என்றால் அவளே போன் செய்து ஞாபகப்படுத்தட்டும். கணவருக்கு மேலே உள்ள பணக் கணக்கை மட்டும் தனியாக அச்செடுத்துக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலைக் காபி நேரத்தில். வட்டி இன்னும் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.